120 குதிரைசக்திக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? லோட்டஸ் எலீஸ், ரோட்டிலும் டிராக்கிலும்

கேள்வி: 3 மார்ச் 2023
லோட்டஸின் எலீஸ் ஸ்போர்ட்ஸ் கார் என்றாலே ஆளாளுக்கு உருகுகிறீர்கள். முதல் தலைமுறை வண்டியில் இருப்பது வெறும் 120 குதிரைசக்தி. பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிடும் வண்டியிலேயே இன்றைக்கு அதற்கு மேல் இருக்கிறது. பவர் ஸ்டீரிங் கிடையாது, மழை வந்தால் உள்ளே ஒழுகும் என்கிறார்கள். அந்தக் காசுக்கு நல்ல மாஸ்டா எம்எக்ஸ்-5 வாங்கி, மிச்சத்தில் டயரும் பெட்ரோலும் போடலாமே? சொந்தமாக வைத்து ஓட்டுகிறவர்கள் இருந்தால் சொல்லுங்கள் அண்ணா. வீடியோ பார்த்தவர்கள் வேண்டாம்.

3 மார்ச் 2023, இரவு 10.20
வைத்து ஓட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். என்னுடையது 1998ஆம் வருட எஸ்1, அதாவது முதல் தலைமுறை எலீஸ். ரோவர் கே சீரிஸ் இன்ஜின், அடர்பச்சை நிறம். நான் இருப்பது இங்கிலாந்தின் நார்ஃபோக்கில், வண்டி பிறந்த லோட்டஸ் தொழிற்சாலை இருக்கிற ஹெத்தலுக்குப் பக்கத்திலேயே.

குதிரைசக்தியை மட்டும் எடுத்துப் பேசினால் இந்த வண்டி பிடிபடாது. எடையைப் பாருங்கள். புதிதாக வந்தபோது ஏறக்குறைய 725 கிலோ. அதாவது டன்னுக்கு 165 குதிரைசக்தி. நின்ற இடத்திலிருந்து மணிக்கு 60 மைல் வேகத்தை 6 நொடிக்குள் தொட்டுவிடும். ஆனால் இதில் பிக்கப் சின்ன விஷயம்தான். எடை குறைந்தால் பிரேக் சின்னதாகலாம், டயர் ஒடுக்கமாகலாம், ஸ்பிரிங் இளகலாம், ஸ்டீரிங்குக்கு மோட்டார் உதவியே வேண்டாம். இவை ஒவ்வொன்றும் சின்னதாகும்போது எடை இன்னும் குறைகிறது. பவர் ஸ்டீரிங் இல்லாததைக் குறையாகச் சொன்னீர்கள். முன்சக்கரங்களில் இருக்கிற பாரமே கொஞ்சம். தேவைப்படாத ஒன்றை ஏன் சுமக்க வேண்டும்?

எடை எப்படிக் குறைந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. சேஸிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், முழுவதும் நீள நீளமான அலுமினியக் குழல்கள். அவற்றை வெல்டிங் செய்யவில்லை. எபாக்ஸி பசை போட்டு ஒட்டி, சூட்டில் இறுக வைத்திருக்கிறார்கள். பசை வெட்டு விசையை நன்றாகத் தாங்கும், உரிந்து வருவதைத்தான் தாங்காது. அந்த உரிதலைத் தடுக்க மட்டும் அங்கங்கே மரையாணி போட்டார்கள். வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் அலுமினியம் பலம் இழக்கும், அதற்காகவே தடிமனான உலோகம் போட வேண்டியிருக்கும். பசையில் அந்தத் தொல்லை இல்லை. சேஸிஸ் மொத்தமும் 68 கிலோதான், என் எடையை விடக் குறைவு. செய்து கொடுத்தது டென்மார்க்கில் டொண்டர் என்ற ஊரில் இருந்த ஹைட்ரோ அலுமினியம். வண்டிக்குள் உட்கார்ந்தால் கதவோரம் அந்தக் குழல் வெளியே தெரியும். கார்பெட் போட்டு மூடவில்லை.

4 மார்ச் 2023, காலை
எம்எக்ஸ்-5 பற்றி ஒன்றும் சொல்லாமல் தூங்கிவிட்டேன். நல்ல வண்டி. அதைக் குறைத்துப் பேச என்னால் முடியாது. 1962இல் வந்த லோட்டஸ் எலானைப் பார்த்துத்தான் மாஸ்டா அதை உருவாக்கினார்கள், ஆக அதுவும் ஒரு வகையில் பங்காளிதான். எலானைப் போலவே முன்னால் இன்ஜின், பின்சக்கர ஓட்டம். தினமும் வேலைக்குப் போக, இரண்டு பேர் வார இறுதியில் பெட்டியோடு ஊர் சுற்ற என்றால் கண்ணை மூடிக்கொண்டு எம்எக்ஸ்-5 வாங்குங்கள்.

எலீஸில் இன்ஜின் முதுகுக்குப் பின்னால், குறுக்காக இருக்கிறது. எடையில் ஏறக்குறைய 60 விழுக்காடு பின்சக்கரங்கள் மேல். அங்கிருந்து எல்லாமே வேறு கதை.

4 மார்ச் 2023, மாலை
"எடை குறைந்தால் பிரேக் சின்னதாகலாம்" என்றது சும்மா வாய்வார்த்தையா என்று லீட்ஸ் நண்பர் கேட்டிருக்கிறார். கணக்குப் போட்டே காட்டிவிடுகிறேன். மணிக்கு 160 கிலோமீட்டரிலிருந்து 100க்கு இறங்க வேண்டும். ஓட்டுகிறவரையும் சேர்த்து எலீஸ் 805 கிலோ என்று வைத்துக்கொள்வோம். பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் சுமார் 480 கிலோஜூல். அதே வேலையை 1,500 கிலோ வண்டி, அதே ஆளோடு செய்தால் 950 கிலோஜூல். ஒவ்வொரு வளைவுக்கும், ஒவ்வொரு சுற்றுக்கும் இந்த வித்தியாசம். அந்தச் சூடு முழுக்க டிஸ்க்கிலும் பேடிலும் பிரேக் ஆயிலிலும்தான் இறங்குகிறது. பந்தயத் தடத்தில் சொந்த வண்டியை ஓட்ட விடுகிற டிராக் டேயில், மதியத்துக்குள் பெரிய வண்டிகள் புகையோடு தடத்தோரப் பிட்டுக்குத் திரும்புவதும், எலீஸ்கள் சாயங்காலம் வரை சுற்றிக்கொண்டிருப்பதும் இதனால்தான்.

11 மார்ச் 2023
ரோட்டில் எப்படி என்று கேட்டவருக்கு.

இன்று காலை முல்பார்ட்டன் தாண்டி நியூ பக்கன்ஹாம் பக்கம் பி1113 ரோட்டில் போய் வந்தேன். சாதாரண நார்ஃபோக் ரோடு. இரண்டு பக்கமும் வேலி, நடுவில் கொஞ்சம் மேடு, ஓரத்தில் டிராக்டர் இழுத்துப் போட்ட மண். அந்த ரோட்டில் எந்த வண்டியிலும் வேகமாகப் போகலாம். ஆனால் அதில் என்ன நடக்கிறது என்பது கைக்குத் தெரிகிற வண்டி குறைவு.

ஸ்டீரிங் சக்கரம் சின்னது, ரிம் மெல்லியது. நேரே போகும்போதே அது சும்மா இருக்காது, தாரின் சொரசொரப்பு மாறினால் விரல் நுனியில் மாறும். வளைவுக்குள் திருப்பினால் கனம் ஏறும். பிடி கூடக் கூட இன்னும் ஏறும். முன் டயர் எல்லையை நெருங்கும்போது அந்தக் கனம் கொஞ்சம் கரையும். அந்தக் கரைவுதான் செய்தி. வண்டி வழுக்கத் தொடங்கிய பிறகு வருகிற செய்தி அல்ல, அதற்கு முன்னால் வருவது. அதை உணர்ந்து பாதத்தை ஒரு நூல் தளர்த்தினால் கனம் திரும்பி வந்துவிடும். 40 மைல் வேகத்திலேயே இது கிடைக்கிறது. உரிமத்தை அடகு வைக்க வேண்டியதில்லை.

குண்டும் குழியுமான இடத்தில் ஸ்டீரிங் உதறும். கெட்டியாகப் பிடித்தால் இன்னும் உதறும். லேசாகப் பிடித்தால் அதுவே தன் வழியைக் கண்டுபிடிக்கும். புதிதாக ஓட்டுகிறவர்கள் பயந்து இறுக்கிப் பிடித்து, கை வலிக்கிறது என்று இறங்குவார்கள்.

அப்புறம் சஸ்பென்ஷன். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் கட்டை வண்டி போல் குலுக்கும் என்று நினைப்பார்கள். எலீஸ் குலுக்காது. ஸ்பிரிங் மெத்தென்று இருக்கும், அதை அடக்குகிற வேலையை டேம்பர் பார்த்துக்கொள்ளும். லோட்டஸ்காரர்களுக்குப் பழைய காலத்திலிருந்தே கைவந்த வித்தை இது. சேஸிஸ் விறைப்பாக இருப்பதால் ஸ்பிரிங்கை விறைப்பாக வைக்க வேண்டிய அவசியம் வரவில்லை.

12 மார்ச் 2023
ஆமாம், ஒழுகும். கதவுக் கண்ணாடியும் கூரைத் துணியும் சேருகிற மூலையில். ரப்பரை ஒழுங்காக வைத்து சிலிக்கன் கிரீஸ் தடவினால் பாதி நிற்கும். மீதிக்கு ஒரு துண்டு வைத்திருக்கிறேன்.

26 மார்ச் 2023
எலீஸ் என்ற பெயரைப் பற்றிப் பேச்சு வந்ததால் அந்தக் காலத்துக் கதையைக் கொஞ்சம் சொல்கிறேன்.

1993இல் ஜெனரல் மோட்டார்ஸ் லோட்டஸைக் கைவிட்டு, இத்தாலியத் தொழிலதிபர் ரொமானோ ஆர்ட்டியோலியிடம் விற்றது. அப்போது புகாட்டி கார் கம்பெனியும் அவரிடம்தான். அவருடைய பேத்தி எலிசா. அந்தக் குழந்தையின் பெயர்தான் வண்டிக்கு வந்தது. 1995 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வண்டியைத் திறந்து காட்டியபோது எலிசாவும் அங்கே இருந்தாள். அடுத்த வருடமே ஆர்ட்டியோலியின் பண நெருக்கடியில் கம்பெனி மலேசியாவின் புரோட்டானிடம் போனது. எலீஸ் உற்பத்தி தொடங்கியதும் அந்த 1996இல்தான். கம்பெனி கைமாறிக்கொண்டிருந்த அதே நாட்களில், நார்ஃபோக்கின் ஒரு பழைய விமானத்தளத்தில் கையால் வண்டி கட்டிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

பழைய விமானத்தளம் என்றது நிஜமாகவே. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கர்களின் லிபரேட்டர் குண்டுவீச்சு விமானங்கள் ஹெத்தலிலிருந்து கிளம்பின. லோட்டஸ் அங்கே வந்தது 1966இல். சோதனைத்தடத்துக்கு ஓடுபாதைகளையே பயன்படுத்திக்கொண்டார்கள்.

வடிவம் ஜூலியன் தாம்சன். சேஸிஸ் ரிச்சர்ட் ரேக்கம். ரேக்கமின் கைவேலையைப் பார்க்க வேண்டுமானால் கதவைத் திறந்து குனிந்து பெடல்களைப் பாருங்கள். வழக்கமாக இரும்புத் தகட்டை வளைத்து, மேலே ரப்பர் மாட்டிவிடுவார்கள். எஸ்1இல் பெடலும் அலுமினியத்தை அச்சு வழியே பிதுக்கியெடுத்துத் துண்டு போட்டதுதான், சேஸிஸ் செய்கிற அதே முறை. யாரும் பார்க்காத இடத்தில் அவ்வளவு அழகு. முதலில் வண்டி பார்க்கப் போனபோது நான் விலை பேசுவதை நிறுத்தியது அந்தப் பெடலைப் பார்த்த பிறகு.

22 ஏப்ரல் 2023
ஸ்னெட்டர்டன் பந்தயத் தடத்துக்குப் போய் வந்தேன். உடம்பு வலிக்கிறது, இருந்தாலும் எழுதிவிட்டுத்தான் படுப்பேன்.

தெரியாதவர்களுக்கு: ஏ11 நெடுஞ்சாலை ஓரம், நாரிச்சுக்குத் தென்மேற்கே. இதுவும் போர்க்கால விமானத்தளம்தான். 300 என்கிற நீண்ட அமைப்பில் ஒரு சுற்று ஏறக்குறைய 3 மைல். நேர்ச்சாலை நீளமாக இருப்பதால் இது குதிரைசக்தி கேட்கிற தடம் என்பார்கள். பென்ட்லி ஸ்ட்ரெயிட்டில் போர்ஷேக்களும் பிஎம்டபிள்யூக்களும் என்னைத் தாண்டிப் போனது உண்மைதான். கண்ணாடியில் பார்த்து, கை காட்டி வழி விட்டேன். பிறகு வளைவுகள் வந்ததும் அதே வண்டிகளின் பின்னால் போய் ஒட்டிக்கொண்டேன்.

நான் சொல்ல வந்தது கோரம் வளைவு. நீண்ட வலது வளைவு, முடிவே வராதது போல் போய்க்கொண்டே இருக்கும். அது முடிகிற இடத்தில் மர்ரேஸ் என்ற இறுக்கமான இடது வளைவு. சிக்கல் என்னவென்றால், வலது பக்கம் திரும்பிக்கொண்டிருக்கும்போதே மர்ரேஸுக்கு பிரேக் பிடிக்க வேண்டும். நேராக நிமிர்த்திக்கொண்டு பிடிக்க இடம் இல்லை. டயரின் பிடியில் பெரும்பகுதி ஏற்கெனவே பக்கவாட்டில் செலவாகிக்கொண்டிருக்கிறது. மிச்சம் இருக்கிற கொஞ்சத்தில்தான் பிரேக்.

எலீஸில் அது இப்படி நடக்கும். ஆக்சிலரேட்டரிலிருந்து பாதத்தைப் பட்டென்று எடுக்கக் கூடாது, மெதுவாகச் சுருட்டி எடுக்க வேண்டும். மூக்கு ஒரு விரல்கடை தணியும். ஸ்டீரிங் கனக்கும். முன் டயருக்கு இப்போதுதான் பாரம் கிடைத்திருக்கிறது. அந்த நேரம் பார்த்து பிரேக் பெடலில் லேசாகச் சாய்ந்தால், பின்பக்கம் மெல்ல வெளியே நகர ஆசைப்படும். இடுப்பில் தெரியும் அது, கண்ணில் அல்ல. பெடலை இன்னும் ஒரு துளி அழுத்தினால் நகர்தல் கூடும், ஒரு துளி விட்டால் அடங்கும். மூக்கு எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஸ்டீரிங்கால் அல்ல, பாதத்தால் முடிவு செய்கிறோம். சரியாக அமைந்த சுற்றில், வண்டி தானாகவே மர்ரேஸின் உள்முனையைப் பார்த்து நின்றது. இடது பக்கம் நான் திருப்பவே வேண்டியிருக்கவில்லை, வலது பக்கம் திருப்புவதை நிறுத்தினாலே போதுமாயிருந்தது.

120 குதிரைசக்தி இதற்குக் குறைவே இல்லை. 300 இருந்தாலும் அந்த இடத்தில் எனக்கு இதைவிட ஒன்றும் கூடுதலாகக் கிடைத்திருக்காது.

23 ஏப்ரல் 2023
நேற்று விட்டது. எஸ்1இல் பிரேக்குக்கு சர்வோ, அதாவது பாத அழுத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும் கருவி, இல்லை. சக்கரம் பூட்டாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும் இல்லை. பாதத்துக்கும் டிஸ்க்குக்கும் இடையில் ஆயில் மட்டும்தான். அதனால்தான் "ஒரு துளி" என்று எழுத முடிந்தது. சர்வோ வைத்த வண்டியில் முதல் அரை அங்குலத்திலேயே பாதி பிரேக் பிடித்துவிடும், அளந்து விட முடியாது.

ஆரம்ப கால எஸ்1களில் டிஸ்க்கே அலுமினியம், சிலிக்கன் கார்பைடு கலந்தது. இரும்பு டிஸ்க்கில் பாதி எடைகூட இருக்காது. செய்து கொடுத்தவர்கள் நிறுத்திவிட்டதால் லோட்டஸ் இரும்புக்கு மாறியது. அந்த அலுமினிய டிஸ்க் இன்னும் வைத்திருப்பவர்கள் அதற்கென்று உள்ள பேடைத் தவிர வேறு எதையும் போட்டுவிடாதீர்கள், டிஸ்க் போய்விடும்.

25 ஏப்ரல் 2023
"லேப் டைம் எவ்வளவு?" என்று இவ்வளவு பேர் கேட்பீர்கள் என்று நினைக்கவில்லை. டிராக் டேயில் நேரம் எடுக்க அனுமதி இல்லை. நேரம் எடுத்தால் அது போட்டி ஆகிவிடும், காப்பீடும் விதிகளும் மாறிவிடும். காலையில் விளக்கக் கூட்டம், பிறகு மெதுவாகச் சில சுற்றுகள், ஹெல்மெட், முழுக்கைச் சட்டை. முன்னால் போகிறவர் சம்மதித்து வழி விட்டால்தான் தாண்டலாம். வளைவில் முண்டியடிப்பவரைக் கறுப்புக் கொடி காட்டி உள்ளே கூப்பிட்டுவிடுவார்கள். சத்தமும் அளப்பார்கள், சைலன்சர் மாற்றி வைத்திருந்தால் அந்தந்தத் தடத்தின் வரம்பை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண வண்டிக் காப்பீடு பெரும்பாலும் டிராக்கில் செல்லாது, தனியாக எடுக்க வேண்டும்.

14 மே 2023
ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கிற அடைப்புத் தகடு. அந்தக் கேள்வி வந்தே தீரும் என்று எனக்குத் தெரியும்.

கே சீரிஸ் மோசமான இன்ஜின் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அது நியாயமில்லை. அந்தக் காலத்தில் அவ்வளவு எடை குறைந்த 1.8 லிட்டர் இன்ஜின் கிடைப்பது அரிது, எலீஸுக்கு அது பொருந்தியதே அதனால்தான். ஹெட், பிளாக், அடியில் இருக்கிற ஆயில் ரெயில் எல்லாவற்றையும் நீண்ட போல்ட்டுகள் மேலிருந்து கீழ்வரை கோத்துப் பிடித்திருக்கும். கெட்டிக்காரத்தனமான அமைப்பு. ஆனால் முதலில் அது சின்ன அளவுக்கு வரையப்பட்டது, பிறகு 1.8 லிட்டராக வளர்த்தார்கள். ஹெட்டை இடம் பிசகாமல் வைக்கிற சின்ன முளைகளை பிளாஸ்டிக்கில் போட்டார்கள். சூடும் குளிரும் மாறி மாறி வரும்போது ஹெட் மயிரிழை நகர்ந்து கேஸ்கெட்டைத் தேய்த்துவிடும்.

எலீஸில் இன்னொரு சிக்கல் சேர்கிறது. இன்ஜின் பின்னால், ரேடியேட்டர் மூக்கில். சூடானால் திறக்கும் தெர்மோஸ்டாட் வால்வு, இன்ஜினுக்குத் தண்ணீர் நுழைகிற வாயிலில். குளிர்ந்த காலையில் இன்ஜின் சூடேறி தெர்மோஸ்டாட் திறந்தால், முன்னாலிருந்து சில்லென்ற தண்ணீர் ஒரேயடியாக வந்து மோதும். இன்ஜினுக்குள் இருக்கிற கூலன்ட், அதாவது குளிர்விக்கிற அந்தத் தண்ணீர், கொஞ்சம்தான், அதனால் அந்த அதிர்ச்சியைத் தாங்க முடியாது.

தீர்வு எல்லாம் கண்டுபிடித்தாகிவிட்டது. இரும்பு முளைகள், பல அடுக்கு உலோக கேஸ்கெட், பலமான ஆயில் ரெயில், தெர்மோஸ்டாட்டை வெளியே கொண்டுபோய் வைப்பது. என் வண்டிக்கு முதல்முறை வேலை பார்த்த பட்டறையில் "எல்லாம் மாற்றியாச்சு" என்று சொல்லி முழுப் பணமும் வாங்கினார்கள். அடுத்த குளிர்காலத்துக்குள் கூலன்ட் மீண்டும் குறையத் தொடங்கியது. இன்னொரு மெக்கானிக் ஹெட்டைத் தூக்கியபோது உள்ளே இருந்தது அதே பிளாஸ்டிக் முளைகள். இரண்டாவது செலவும் என் தலையில்தான். அதிலிருந்து மாற்றிய பாகத்தைப் படம் எடுத்துக் கேட்பேன்.

அதற்குப் பிறகு வண்டி ஒரு சொட்டுக் கூலன்ட் குடித்ததில்லை. ஆனாலும் ஆயில் சூடாகும்வரை 3,000 ஆர்பிஎம் தாண்ட மாட்டேன். வீட்டிலிருந்து பெரிய ரோட்டுக்கு வருவதற்குள் சூடாகிவிடும்.

18 ஜூன் 2023
டொயோட்டா இன்ஜின் போட்ட எலீஸ் 111ஆர் ஒன்றை நண்பர் ஒரு நாள் ஓட்டக் கொடுத்தார். 2004இலிருந்து வந்தது. 189 குதிரைசக்தி, 6 கியர், ஏபிஎஸ். எடை ஏறக்குறைய 860 கிலோ.

ரோவரும் டொயோட்டாவும் இரண்டுமே 1.8 லிட்டர்தான். குணம்தான் வேறு. டொயோட்டாவில் 6,200 ஆர்பிஎம் பக்கம் வால்வுகளைத் திறக்கிற கேம் மாறும். அதுவரை சமத்தாக இருந்த இன்ஜின் அங்கே ஒரே கத்தலாகக் கத்தி, 8,000 தாண்டியும் இழுக்கும். முதல் அரைமணி நேரம் நான் பேசவே இல்லை, சிரித்துக்கொண்டே இருந்தேன். ஹெட் கேஸ்கெட் பயம் இல்லை. டிராக்குக்கு இதுதான் என்று அன்றைக்கு மதியம் முடிவே கட்டிவிட்டேன்.

19 ஜூன் 2023
ஒரு ராத்திரி தூங்கி எழுந்த பிறகு அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

டிராக்கில் 111ஆர்தான். அதில் மாற்றமில்லை. ஆனால் நார்ஃபோக் ரோட்டில் அந்த 6,200ஐ எங்கே தொடுவது? இரண்டாம் கியரிலேயே சட்டத்தின் எல்லை வந்துவிடும். ரோவர் இன்ஜினின் முழு டார்க், அதாவது இழுக்கிற திறன், 3,000 ஆர்பிஎம்மிலேயே கிடைக்கிறது. வளைவிலிருந்து வெளியே வரும்போது கியர் மாற்றாமலே இழுத்துக்கொண்டு போகும். ரோட்டில் ஓட்டுகிறவனுக்கு அதுதான் தினசரிச் சோறு. அதோடு 135 கிலோ வித்தியாசம் ஸ்டீரிங்கில் தெரிகிறது. மோசமாகிவிட்டது என்று சொல்லவில்லை. பேச்சு கொஞ்சம் குறைந்திருக்கிறது.

எந்த எலீஸ் வாங்குவது என்று கேட்டவருக்கு என் பதில் இப்போது இப்படி: மாதம் ஒருமுறை டிராக் என்றால் டொயோட்டா. வருடத்துக்குச் சில தடவை டிராக், மற்ற நாளெல்லாம் ரோடு என்றால் எஸ்1.

23 ஜூலை 2023
ஃபார்முலா 1 ஜெர்மன் கிராண்ட் பிரியில் நம் சென்னைப் பையன் லோட்டஸ் ஓட்டினான், அதே லோட்டஸா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். 2011இல் நூர்பர்க்ரிங்கில் கருண் சந்தோக் ஓட்டியது டீம் லோட்டஸ் வண்டி. அது மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸின் அணி, அந்தப் பழைய பெயரை வாங்கி நடத்தினார். எலீஸ் செய்த ஹெத்தல் கம்பெனி அதே வருடம் ரெனோ அணியின் வண்டியில் தன் பெயரைப் போட்டது. ஒரே பந்தயத்தில் இரண்டு லோட்டஸ். லண்டன் நீதிமன்றம் வரை போனது வழக்கு. ஆக, ஹெத்தலுக்கும் கருணுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. இருந்தாலும் அன்றைக்கு டிவியில் அந்தப் பச்சை மஞ்சள் வண்டியில் நம் ஊர் ஆளைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கியது. அதைச் சொல்ல வெட்கம் ஒன்றும் இல்லை.

10 செப்டம்பர் 2023
லிங்கன்ஷரில் கேட்வெல் பார்க் பந்தயத் தடம். ஸ்னெட்டர்டனுக்கு நேர் எதிர். அகலம் குறைவு, மேடு பள்ளம், மரங்கள். 1.7 மீட்டர் அகலமுள்ள வண்டிக்குத் தடம் அகலமாகிவிடுகிறது. வளைவில் போக பெரிய வண்டிக்காரர்களுக்கு ஒரு பாதைதான் கிடைக்கும், நமக்கு இரண்டு மூன்று.

மவுன்டன் என்ற ஏற்றத்தில் முன்சக்கரங்கள் லேசாகிவிடும். உச்சியைத் தாண்டுகிற வரை ஸ்டீரிங்கை நேரே வைத்துக் காத்திருக்க வேண்டும். தாண்டியதும் ஹால் பெண்ட்ஸ், மரங்களுக்கு நடுவில் இடமும் வலமுமாக மாறி மாறி. இங்கே குதிரைசக்திக்கு வேலையே இல்லை.

மதியத்துக்கு மேல் தூறல். ஏப்ரலில் கோரம் பற்றி எழுதியதோடு ஒன்றைச் சேர்த்துப் படிக்க வேண்டும். காய்ந்த தடத்தில் "பாதத்தைச் சுருட்டி எடுங்கள்" என்றது அழகுக்கு. ஈரத்தில் அது உயிர்ச் செய்தி. வளைவின் நடுவில் பயந்து ஆக்சிலரேட்டரைப் பட்டென்று விட்டால், பாரம் முன்னால் ஓடும், பின்பக்கம் காலியாகும். இன்ஜின் எடை முழுவதும் பின்னால் இருப்பதால் அது சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கஷ்டம். எனக்கு முன்னால் போன ஒரு எலீஸ் அப்படித்தான் புல்லுக்குள் போய் நின்றது. ஆளுக்கும் வண்டிக்கும் ஒன்றும் ஆகவில்லை. இதற்காகவே லோட்டஸ் முன் டயரைப் பின் டயரைவிட ஒடுக்கமாக வைத்தார்கள். எஸ்1இல் முன்னால் 185, பின்னால் 205. முன்பக்கம் முதலில் வழுக்கி எச்சரிக்கட்டும் என்று. நான்கு பக்கமும் ஒரே அகலம் போட்டு மாற்றிவிடாதீர்கள்.

11 செப்டம்பர் 2023
லோட்டஸின் புதிய காரான எமிரா பற்றி என்ன நினைக்கிறேன் என்றால், ஓட்டிப் பார்க்காமல் தீர்ப்பு சொல்ல மாட்டேன். ஆனால் 1,400 கிலோவுக்கு மேல் என்று படித்தபோது வருத்தமாகத்தான் இருந்தது. என் வண்டி இரண்டு சேர்ந்த எடை. விபத்துப் பாதுகாப்பு விதிகள் இறுகிக்கொண்டே வந்தன, எஸ்1 உற்பத்தி 2000இல் நின்றதற்கும் அதுதான் காரணம். எலீஸ் வரிசை முழுவதுமாக நின்றது 2021இல். கடைசித் தொகுதியில் ஒரு வண்டி எலிசாவுக்கே போனது. அது நடந்ததில் எனக்கு மனநிறைவு.

7 அக்டோபர் 2023
முதலில் கேள்வி கேட்ட தம்பியே பீட்டர்பரோவில் ஒரு எஸ்2, அதாவது இரண்டாம் தலைமுறை எலீஸ், பார்த்திருப்பதாக எழுதியிருக்கிறார். எம்எக்ஸ்-5 விளம்பரங்களையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாராம். நல்லது, இரண்டையும் ஓட்டிப் பாருங்கள்.

எஸ்2 என்றால் டார்ச் ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள். பின்சக்கரத்துப் பக்கம் டோ லிங்க் என்று ஒரு சின்னத் தண்டு இருக்கும். அதன் உள்முனை போல்ட் ஒரு பக்கம் மட்டும்தான் பிடிமானம். டிராக் ஓட்டி, ஒட்டும் டயர் போட்ட வண்டிகளில் அது முறிந்ததுண்டு. முறிந்தால் பின்சக்கரம் தன் இஷ்டத்துக்குத் திரும்பிவிடும். இரண்டு பக்கமும் பிடிக்கிற மாற்று கிட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். போடவில்லை என்றால் விலையில் கழியுங்கள், டிராக்குக்கு முன் போட்டுவிடுங்கள்.

வண்டியின் உடலில் முன்பக்கம் முழுக்க ஒரு துண்டு, பின்பக்கம் முழுக்க ஒரு துண்டு, இரண்டும் வார்த்த ஃபைபர். கிளாம் என்பார்கள். மூலையில் ஒரு விரிசல் என்றாலும் முழுத் துண்டையும் கழற்றிச் செப்பனிட்டுப் பெயின்ட் அடிக்க வேண்டும். வெயிலில் நிறுத்தச் சொல்லி, சாய்வாகப் பாருங்கள், நட்சத்திரம் போன்ற வெடிப்புகள் அப்போதுதான் தெரியும். அடியில் படுத்து சேஸிஸ் குழல்களில் நசுங்கல், ஜாக் தப்பாக வைத்த தடம் உண்டா என்று பாருங்கள். பசை போட்ட சேஸிஸை வெட்டி ஒட்ட முடியாது. வருடாந்திரத் தகுதிச் சோதனையான எம்ஓடியின் வரலாறு இணையத்திலேயே கிடைக்கும், மைல் கணக்கு ஒத்து வருகிறதா என்று சரிபார்த்துவிடுங்கள்.

8 அக்டோபர் 2023
ரேடியேட்டரை விட்டுவிட்டேன். மூக்கில் இருப்பதால் கல்லும் உப்பும் படும், ஓரத்து மூட்டுகளில் கசியும். அதை மாற்ற முன் கிளாமையே கழற்றுவார்கள், ரேடியேட்டர் விலையை விடக் கூலி அதிகம். மாற்றிய ரசீது இருந்தால் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், இல்லையென்றால் அதற்கும் பேரம் பேசுங்கள். அடுத்த சனிக்கிழமை நான் சும்மாதான் இருக்கிறேன். விற்கிறவர் இன்ஜினை முன்கூட்டியே சூடாக்கி வைக்காமல் குளிர்ந்தபடியே விட்டிருக்க வேண்டும், அதை மட்டும் இன்றே சொல்லிவிடுங்கள் தம்பி. காலை 10 மணிக்கு அங்கே வந்துவிடுகிறேன்.